ஒரு புளியமரமும் ரெண்டு புள்ளி ஆந்தையும் போதும்

ஆந்தை பாக்கணும்னா பெரிய கேமராவ தூக்கிட்டு டாப்ஸ்லிப் காட்டுக்குப் போகணும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அதெல்லாம் ஒண்ணும் வேணாம், உங்க ஊர் கோயில் பக்கத்துலயோ ரோட்டோரத்துலயோ ஒரு பழைய புளியமரம் இருக்கும்ல, அங்க போனா போதும். புள்ளி ஆந்தை அங்கதான் குடித்தனம் நடத்தும். மொத்த நீளமே 21 செ.மீ. பக்கம்தான், மைனாவ விட குட்டை, ஆனா குண்டு, முறைக்கிற முறைப்பு மட்டும் தாசில்தார் மாதிரி இருக்கும்.

முதல்ல ஆந்தையத் தேடாதீங்க, பொந்தத் தேடுங்க. புளி, ஆலமரம், தூங்குமூஞ்சி, மொட்டைப் பனை, இடிஞ்ச மண்டபம், எதுவா இருந்தாலும் ஓட்டைக்குக் கீழ சுண்ணாம்பு வழிஞ்ச மாதிரி வெள்ளையா எச்சம் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். இன்னொரு வழி, பகல்ல கரிச்சானும் மைனாவும் அணிலும் ஒரே கிளையப் பாத்து சேந்து கத்துதுன்னா அங்க ஒண்ணு பாம்பு இல்லன்னா ஆந்தை. பகல்ல கூகைய காக்கா ஜெயிச்சுடும்னு அந்தக் காலத்துலயே சொல்லி வச்சிருக்காங்க, அது சும்மா இல்ல.

சூரியன் மறையறதுக்கு ஒரு இருபது நிமிஷம் முன்னாடி போய் நல்லா தள்ளி உக்காந்துடுங்க, மரத்தடியில போய் நிக்காதீங்க. எட்டு மடங்கு பெருசாக்கிக் காட்டுற 8x42 பைனாகுலர் இருந்தா சூப்பர், இல்லன்னாலும் பரவால்ல. மொதல்ல ஒண்ணு பொந்து வாயில வந்து எட்டிப் பாக்கும், அப்புறம் ஜோடி, அப்புறம் ரெண்டும் சேந்து சிர்ர்ர் சிர்ர்ர் சீவக் சீவக்னு ஒரு சண்டை மாதிரி கச்சேரி. எங்க பாட்டி ஆந்தை ஒரு தடவ கத்துனா சாவு ரெண்டு தடவ கத்துனா காரியம் ஜெயம்னு எண்ணிட்டு உக்காந்திருக்கும், இதுங்க கத்துறத எண்ணவே முடியாது பாட்டின்னா திட்டும்.

அடையாளத்துல குழம்பாதீங்க. மஞ்சக் கண்ணு, உச்சந்தலையில வெள்ளப் புள்ளி, கழுத்துல வெள்ளப் பட்டை, இது புள்ளி ஆந்தை. காதுக்கு மேல கொம்பு மாதிரி இறகும் கருத்த கண்ணும் இருந்து, விட்டு விட்டு வுட் வுட்னு ஒத்தக் குரல் குடுத்தா அது வேற, கொம்பு வச்ச சின்ன ஆந்தை. மேற்கு மலை பக்கம் போனா புள்ளிக்கு பதிலா உடம்பெல்லாம் வரி வரியா ஒண்ணு வரும், அது காட்டு ஆந்தை.

நோட்டு கண்டிப்பா வேணும், அதுல தேதி, இடம், எத்தன மணிக்கு வெளிய வந்துச்சு, எந்தக் கிளை, என்ன புடிச்சுதுன்னு எழுதுங்க, உண்மைய மட்டும் எழுதுங்க. ஏன் சொல்றேன்னா, புள்ளி ஆந்தை மாதிரியே இருக்கிற ஒரு அபூர்வ ஆந்தை மகாராஷ்டிரா பக்கம் இருக்கு, 1884க்கு அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அத யாரும் பாக்கல. மைனர்ட்ஸ்ஹாகன்னு ஒரு வெள்ளக்காரர் மியூசியத்துல பாடம் பண்ணி வச்சிருந்த அந்த ஆந்தையோட பழைய உடம்பு ஒண்ண திருடி, 1914ல குஜராத்துல தானே புடிச்சதா லேபிள் ஒட்டி வச்சுட்டாரு. பமீலா ராஸ்முசன்னு ஒரு அமெரிக்கப் பறவை ஆராய்ச்சியாளர் அந்தப் பொய்ய கண்டுபுடிச்சு, உண்மையான லேபிள்கள்ல எழுதியிருந்த இடங்கள்ல தேடிப் போய்த்தான் 1997 நவம்பர்ல மகாராஷ்டிரால ஷஹாதாங்கிற ஊர் பக்கத்துல அது கண்ணுல பட்டுச்சு. ஒரு லேபிளோட வில்லங்கம் இவ்வளவு!

மரத்தடியில சாம்பல் கலர்ல சின்ன உருண்ட கிடந்தா கால்ல தள்ளாதீங்க, அது ஆந்தை கக்குனது, எச்சம் இல்ல. செரிக்காத எலும்பு, வண்டோட ஓடு எல்லாத்தையும் உருட்டி வாய் வழியா துப்பிடும். வீட்டுக்குக் கொண்டாந்து வெந்நீர்ல ஊறப் போட்டு குச்சியால பிரிச்சுப் பாருங்க, வண்டோட பளபள ஓடு, பல்லி எலும்பு, சில நாள் எலித் தாடை, அப்போதான் இது நமக்கு எவ்ளோ வேலை பாக்குதுன்னு புரியும் (கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, அம்மா கிட்ட நல்ல டம்ளரக் கேக்காதீங்க).

ஒரு விஷயம் முக்கியம். அது உங்களப் பாத்து தலைய மேலயும் கீழயும் ஆட்டுறது வணக்கம் இல்ல, கண்ண உருட்ட முடியாததால தலைய அசைச்சு நீங்க எவ்ளோ தூரத்துல இருக்கீங்கன்னு அளக்குது, பத்து அடி பின்னால போங்க. பிளாஷ் வேணாம், மொபைல்ல அதோட சத்தத்தப் போட்டு வரவழைக்கிற வேலையும் வேணாம், குறிப்பா நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும், முட்டை குஞ்சு எல்லாம் அப்போதான். லொக்கேஷன வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, மாந்திரீகத்துக்குன்னு புடிச்சு விக்கிற ஆளுங்க இருக்காங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி அது குத்தம்னு தெரிஞ்சும் புடிக்கிறாங்க. குஞ்சு கீழ விழுந்து கெடந்தா, அடி படலன்னா துணியால தூக்கி பக்கத்துக் கிளையில வச்சுட்டு தள்ளிப் போய்டுங்க, அப்பா அம்மா வந்து இர குடுக்கும், அடி பட்டிருந்தா வனத்துறைக்கு போன் போடுங்க.

வராத நாளையும் எழுதணும். என் நோட்டுல போன ஐப்பசி மழையில பதினோரு நாள் வரிசையா வரல, வரல, வரல. பன்னெண்டாவது நாள் சாயங்காலம் ரெண்டும் லைட் கம்பத்து மேல உக்காந்து ஈசல் புடிச்சிட்டு இருந்துச்சு.