பிள்ளையைத் துருவிக் கேட்காதீர்கள்: வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொட்டாஞ்சேனையில், வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் புதியவர்கள். பிள்ளையின் உடம்பில் காயம் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு தங்கச்சி உடனே, "மடியில வச்சு, ஆர் செய்ததெண்டு துருவித் துருவிக் கேட்டிடுவன் அக்கா" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தொடங்கிய காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

பிளக் பொயின்டுக்கு மூடி, பல்கனிக்குப் பூட்டு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விடுவோம்.

விசாரணை நடத்துவது

அப்போது வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருந்தேன். நாலு வயதுப் பையன் ஒருவன், குளிக்கச் சட்டையைக் கழற்ற விடவில்லை. ஒருவாறு கழற்றினால், முதுகில் விரல் அகலத்தில் இரண்டு கோடு, ஓரம் மஞ்சளாகி இருந்தது. "மாமா அடிச்சவர்" என்றான். நான் பதறிப்போய், "எந்த மாமா? மேல்வீட்டு மாமாவா?" என்று கேட்டேன். தலையாட்டினான்.

பின்னேரம் அம்மா கேட்டார். இரவு அம்மம்மா கேட்டார். அடுத்த நாள் மறுபடி நான். அதிகாரிகள் வந்தபோது, கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அவன் பழகியிருந்தான். மேல்வீட்டுக்காரர் அந்த வாரம் கொழும்பிலேயே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வயதில் அவனுக்கு ஒழுங்கையில் பார்க்கிற ஆம்பிளை எல்லாரும் மாமாதான். அடித்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மேல்வீட்டுக்காரரை அவன் வாயில் வைத்தவள் நான். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பிள்ளை சொல்லும்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். "சொன்னது நல்லது ராசா, உங்களில பிழை இல்லை" என்றால் போதும். மிஞ்சினால் "என்ன நடந்தது?" என்று ஒரு தடவை கேட்கலாம். யார், எங்கே என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். அப்புறம், அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், காயம் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, நீங்கள் என்ன கேட்டீர்கள், பிள்ளை என்ன சொன்னது. "மாமா அடிச்சவர்" என்றால் அப்படியே எழுதுங்கள். "தாக்கப்பட்டுள்ளார்" என்று திருத்தாதீர்கள். நடுவில் சிங்களச் சொல் வந்தால் அதையும் அப்படியே.

பிறகு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். அந்தச் சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் உங்கள் பிரதேச செயலகத்திலும் இருப்பார். உறுதியாகத் தெரிந்த பிறகு எடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தாலே எடுக்கலாம். சந்தேகம் பிள்ளையின் வீட்டாரிலேயே என்றால், அவர்களிடம் வாய் திறக்கும் முன் 1929இல் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்கப் பழகியவர்கள் கேட்கட்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க 1999இலிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரே கதையைப் பிள்ளை பத்துப் பேருக்குச் சொல்லக்கூடாது என்பதற்குத்தான் அது.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணுவது

காப்பாற்ற முடியாத சத்தியம். பண்ணாதீர்கள்.

காயத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவது

தாய்மார் குறூப் என்றாலும் கூடாது.

நம்முடைய வீட்டு ஆட்களை மறப்பது

பிள்ளை இருப்பது உங்கள் வீட்டில். உங்கள் தம்பி, ஊரிலிருந்து வந்து தங்கிய சொந்தக்காரப் பையன், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருபவர், எல்லோரும் அதே ஹோலுக்குள் நடமாடுகிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் யார் பொறுப்பு என்று முதல் நாளே தாயிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஆளைத் தவிர வேறு யாரும் செய்யக்கூடாது, அவசரத்துக்குக் கூட. தம்பிக்குக் கோபம் வரும். வரட்டும்.

பின்னேரம் வேறு ஆள் வந்தால்

"அம்மா அனுப்பினவ" என்று ஆட்டோக்காரர் வந்து நின்றால், தாய் உங்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லும்வரை கேற்றைத் திறக்காதீர்கள். தெரிந்த ஆட்டோக்காரர் என்றாலும் சரி.