விசேஷத்துக்கு இஞ்சி சோடா: அவசரத்தில் செய்யக்கூடாதவை

காரைக்குடிப் பக்கம் விசேஷம் என்றால் வெளியூர்ச் சொந்தங்கள் முதல் நாளே வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் போட்டு நுரைக்க வைத்த இஞ்சி சோடா கொடுக்க ஆசைப்படுகிறவர்கள், புளிக்கத்தான் நாளாகும், குளிர வைக்க ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் நடப்பது இதற்கு நேர்மாறு. புளிப்பு ஒரு பகலிலேயே ஏறிவிடும். குளிர்ச்சிக்குத்தான் முழுசாக ஒரு நாள் வேண்டும்.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயு சூடான நீரில் சரியாகக் கரையாது, குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். குளிராத பாட்டிலைத் திறந்தால் பாதி சோடா தரைக்குப் போய்விடும், மீதி சப்பென்று இருக்கும்.

நாள் குறைவு என்று ஈஸ்ட்டை அள்ளிப் போடுவது அடுத்த தவறு. ஒரு லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, ஒரு கை இஞ்சி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போதும். கூடினால் மாவு வாடைதான் மிஞ்சும். இஞ்சித் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கியதுமே ஈஸ்ட்டைப் போடாதீர்கள், செத்துப்போகும். விரல் விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை பொறுங்கள். டப்பா பழசு என்றால் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் வேறு வாங்குங்கள். இஞ்சிச் சக்கையைத் துணியில் இறுக வடிகட்டுங்கள். சக்கை மிதந்தால் திறக்கும்போது பொங்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கண்ணாடி பாட்டில். அழுத்தம் ஏறி வெடித்தால் சில்லு முகத்தில் பாயும். இதில் துளியும் சமரசம் வேண்டாம். குடிதண்ணீர் பாட்டிலும் ஆகாது, அது அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. கூல்டிரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பாருங்கள், அடியில் ஐந்து குமிழ் இருக்கும். அதுதான் சரி. மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, ஆத்தங்குடிக் கல் பதித்த உள்ளறைத் தரையில், வெயில் படாமல் வையுங்கள். முற்றத்து ஓரம் வேண்டாம்.

காலையில் நிரப்பினால் மத்தியானத்திலிருந்தே அமுக்கிப் பாருங்கள். முதலில் பக்கவாட்டு விரலுக்கு உள்ளே போகும். பிறகு லேசாக எதிர்க்கும். கடையில் வாங்கிய திறக்காத சோடா மாதிரி கல்லாகிவிட்டால் அப்போதே ஃபிரிட்ஜுக்குள். ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுக்கப் போகாதீர்கள்.

ஃபிரிட்ஜில் இடம் போதாதென்றால் அண்டாவில் ஐஸ் மட்டும் கொட்டாமல் தண்ணீரும் ஊற்றி பாட்டில்களை முக்குங்கள், சீக்கிரம் குளிரும். குளிரிலும் ஈஸ்ட் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் மட்டும் திருகி, ‘உஸ்’ சத்தம் அடங்கியதும் முழுசாகத் திருகித் திறங்கள். அப்புறம் ஒன்று, இதில் சிறிதளவு ஆல்கஹால் சேரத்தான் செய்யும். பந்தியில் வைக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் நன்னாரி சர்பத் தனியாகக் கரைத்து வையுங்கள்.