பழைய சிந்தசைசர் ஒலியைப் புதியதில் கொண்டுவர

முதலில் ரிவெர்ப் (அறை அதிர்வு), டிலே (எதிரொலி) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் அடிப்படை ஒலி சரியாக வந்திருக்கிறதா என்று காதுக்குப் பிடிபடாது.

1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் கனத்த பேஸ் வேண்டுமா? மோனோவுக்கு (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) மாற்றி, ஒலியை உருவாக்கும் மூன்று ஆசிலேட்டரிலும் சா-டூத் (ரம்பப் பல் வடிவ) அலையை வையுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றை 4 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே, மற்றதை 5 சென்ட் கீழே நகர்த்துங்கள். ஃபில்டர் 24 டெசிபல் லோ-பாஸ், அதாவது உயர் அதிர்வெண்களை வெட்டுவது. கட்-ஆஃபை (வெட்டு தொடங்கும் இடம்) நன்றாக இறக்கி, ஃபில்டர் நேரத்தோடு திறந்து மூடுவதை அமைக்கும் என்வலப்பில் அட்டாக்கை (ஏறும் நேரம்) பூஜ்யமாகவும் டிகேயை (இறங்கும் நேரம்) அரை நொடிக்குள்ளும் வையுங்கள். ஃபில்டருக்கு முன்னால் கொஞ்சம் டிரைவ் (லேசான ஒலிச்சிதைவு) இருந்தால் இன்னும் நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று: ஆசிலேட்டர் ரீட்ரிகர், அதாவது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அலையை முதலிலிருந்து தொடங்கவைப்பது. அது ஆனில் இருந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் அச்சு அசலாக ஒரே மாதிரி தொடங்கும். பழைய அனலாக் கருவியில் அப்படி வராது. ஆஃப் செய்துவிட்டு, மிக மெதுவான எல்எஃப்ஓ (மற்ற அமைப்புகளை மெல்ல அசைக்கும் ஆசிலேட்டர்) ஒன்றை ஓரிரு சென்ட் அளவுக்கு பிட்ச்சில் இணையுங்கள். என்னைக் கேட்டால், விலை கூடிய ப்ளகின் மென்பொருளைவிட இதுதான் அதிகம் உதவும்.

ஜூனோ-106 சிந்தசைசரின் ஒலிக்கு, ஆசிலேட்டர்களைச் சென்ட் கணக்கில் விலக்கும் இந்த டீட்யூன் வேலையெல்லாம் வேண்டாம். அதில் ஒரு குரலுக்கு (ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும்) ஒரே ஆசிலேட்டர்தான். அதன் ஒலியின் அகலம் ஸ்டீரியோ கோரஸ் எஃபெக்டிலிருந்து வருவது.

அப்புறம், டிஎக்ஸ்7 சிந்தசைசரின் எலக்ட்ரிக் பியானோ ஒலிக்கு ஃபில்டரைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஃபில்டரே கிடையாது. எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை மாற்றும் முறை) பகுதிக்குப் போய், மாடுலேட்டரின் (மாற்றும் அலையின்) அளவு வெலாசிட்டிக்கு, அதாவது விசையை அடிக்கும் வேகத்துக்கு, ஏற்ப ஏறி இறங்கும்படி வையுங்கள்.