கண் சொட்டு மருந்து: லேபிளில் பிரிசர்வேட்டிவைப் பார்ப்பது எப்படி?

பல நாள் திறந்து மூடும் சொட்டு மருந்தில் கிருமி வளராமல் இருக்கத்தான் பிரிசர்வேட்டிவ் சேர்க்கிறார்கள். நோயைக் குணமாக்குவதில் அதற்குப் பங்கில்லை. ஆனால் நாள்பட்ட எரிச்சலுக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

அட்டைப்பெட்டியில் மருந்தின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் தேடுங்கள். இந்திய லேபிள்களில் அடிக்கடி தென்படுவது ‘பென்சால்கோனியம் குளோரைடு சொல்யூஷன் ஐ.பி. 0.02% வி/வி’. இதை அப்படியே 0.02 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த சொல்யூஷனிலேயே சரக்கு ஏறக்குறைய பாதிதான். ஆகவே மருந்தில் இருப்பது 0.01%. சோப்புக் குணம் கொண்டது இது. கிருமியின் சவ்வை உடைக்கிற அதே வேகத்தில் கண்ணீர்ப் படலத்தின் எண்ணெய் அடுக்கையும் கலைக்கும். ஒரு வாரம் போடும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வராது. கண் நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா நோய்க்கு வருடக்கணக்கில் போடுபவர்கள், கண் வறட்சிக்கு ஒரு நாளில் நாலைந்து தடவைக்கு மேல் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். எரிகிறதே என்று கிளாகோமா மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கண் நரம்பு போனால் திரும்பாது. பிரிசர்வேட்டிவ் இல்லாத வகை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

‘ஸ்டெபிலைஸ்டு ஆக்ஸிகுளோரோ காம்ப்ளெக்ஸ்’ என்றிருந்தால் அது சாதுவான வகை. கண்ணில் பட்டதும் உப்பு, தண்ணீர், ஆக்ஸிஜனாகப் பிரிந்துவிடும்.

சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் பென்சால்கோனியத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கண்ணில் கசியவிடும். லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொட்டுங்கள்; மறுபடி மாட்ட 15 நிமிடமாவது பொறுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். கண்ணில் தங்குவது ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டே அதைவிடப் பெரிது. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், கூடவே பிரிசர்வேட்டிவும் இமைத்தோலில் படும். இரண்டு மருந்து போட வேண்டியிருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள்.

பிரிசர்வேட்டிவ் இருக்கிறதே என்ற தைரியத்தில் பாட்டில் முனையை இமையில் தொடாதீர்கள். உள்ளே போகும் கிருமி அதையும் மீறி வளரலாம். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதுங்கள். லேபிளில் வேறு கெடு சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள், பாதி மிச்சமிருந்தாலும் சரி.

முனையைத் திருகி உடைக்கும் குட்டி பிளாஸ்டிக் குப்பிகளில் பெரும்பாலும் பிரிசர்வேட்டிவ் கிடையாது. உடைத்ததும் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ராத்திரிக்கு ஆகுமே என்று ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைக்கிற பழக்கம் வேண்டாம்.