விமான எரிபொருள் தொட்டியை அடைக்கும்போது நேரும் தவறுகள்

சொந்தப் பட்டறையில் விமானம் கட்டுவோர் பெரிதும் விரும்பும் அமெரிக்காவின் வேன்ஸ் ஆர்வி வகை விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பே எரிபொருள் தொட்டியாகிறது. ஆர்வி-7 விமானத்தின் இரு தொட்டிகளும் சேர்ந்து 42 கேலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர் கொள்ளும். உள்ளே தனிப் பை ஏதும் கிடையாது என்பதால், தகடுகள் சேரும் ஒவ்வொரு விளிம்பும், அவற்றைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியும் பாலிசல்ஃபைடு சீலன்ட் என்ற அடைப்புப் பசையை நம்பியே இருக்கின்றன.

கசிவுகளில் பல, சீலன்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பளபளப்பான அலுமினியத்தில் சீலன்ட் சரியாகப் பற்றாது. பரப்பை உரசி மங்கலாக்கிய பிறகு, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அந்த ஈரம் தானாக உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக உலர விட்டால், கரைந்த எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே மீண்டும் படிந்துவிடும். அதன்பின் வெறுங்கையால் தொட்டாலும் அதே கதிதான்.

அடுத்தது கலவை. பரவலாகப் புழங்கும் சீலன்ட்டில் பத்துப் பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு கறுப்பு இறுக்கி என்பது எடைக் கணக்கு. கண் மதிப்பில் கலப்பது வீண் துணிச்சல். 30 கிராமுக்கு 3 கிராம் என்று டிஜிட்டல் தராசில் நிறுத்து, வெள்ளைக் கோடு ஒன்றுகூடத் தெரியாதவரை கிளற வேண்டும். சீலன்ட் டப்பாவில் காணும் பி-2 என்ற குறியீட்டில் உள்ள 2, சுமார் இரண்டு மணி நேரம் வேலைக்கு உகந்தது என்பதைக் காட்டுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாளில் அவ்வளவு நேரம் கிடைக்காது. ஆகவே சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது.

ரிவெட் வரிசைகளில் காட்டும் கவனத்தை மூலைகளில் பலர் காட்டுவதில்லை. கடைசி ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்), வெளித்தகடு, பின்புறத் தடுப்புத் தகடு ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் சீலன்ட்டைத் தாராளமாகவே வைக்கலாம். கடைசி ரிப்பின் மூக்குப்பகுதியில் உள்ள சிறு துளையையும் மூட மறக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் உள்ளே மெல்லிய பூச்சுத் திரவத்தை ஊற்றிக் குலுக்கிவிடும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அது நாளடைவில் உரிந்து எரிபொருள் வடிகட்டியை அடைக்கும். குழாய் இணைப்புகளில் டெஃப்லான் நாடாவும் வேண்டாம்.

கசிவுச் சோதனையின்போது கம்ப்ரசரை நேரே இணைப்பது ஆபத்தானது. 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமே ஒரு சதுர அடித் தகட்டை 144 பவுண்டு விசையுடன் தள்ளும் என்பதால், காற்றுப்போக்கிக் குழாயில் ஒரு பலூனைக் கட்டி, அது சற்றே உப்பும் அளவுக்குக் காற்றடைத்தால் போதும். இரவில் பலூன் சுருங்கியதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, குளிரிலும் அது சுருங்கும். சோப்பு நீரில் குமிழி எழுந்தால்தான் கசிவு உறுதி. அப்போது வெளிப்புறத்தில் பூசி மழுப்பாமல், மூடித்தகட்டைக் கழற்றி, உட்புறத்தைச் சுத்தம் செய்து அங்கேயே அடைக்க வேண்டும்.