அப்பாவின் கட்டுரைகள் மீண்டும் தமிழான கதை

அப்பா 2003-இல் தட்டச்சு செய்த கட்டுரைகளைப் புதிய கணினியில் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி! அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: அது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் போர்வை விலகிவிடும்.

பாமினியை நிறுவியதும் படிக்க முடிந்தது. ஆனால் தேட முடியவில்லை. தமிழுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் சிறு நிரல் எழுதினேன். முதல் ஓட்டத்தில் 'கொடி' எல்லாம் உடைந்தது. பாமினியில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடிலோ ககரம்தான் முதலில், பிறகே உயிர்க்குறி. ஒவ்வோர் எழுத்தாக மாற்றினால் கொம்பு அநாதையாக முன்னே நிற்கும். ஆகவே நீளமான எழுத்துத் தொடர்களை முதலில் மாற்றினேன்: 'கொ', அப்புறம் 'கெ', கடைசியில் தனி 'க'. அவ்வளவுதான், சொற்கள் ஒழுங்காக வந்து அமர்ந்தன. இடையிலிருந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிக் குழம்பியிருந்தன. அவற்றைக் கையால்தான் திருத்தினேன்.

மூலக் கோப்புகளை அழிக்கவில்லை, நீங்களும் அழிக்காதீர்கள். நேற்று 'வைகை' என்று தேடினேன். அப்பாவின் ஏழு கட்டுரைகள் வந்தன.