கிளைடரில் ஸ்டால், ஸ்பின் பயிற்சி: ஹார்ன் இல்லாமல் எச்சரிக்கையைக் கண்டுகொள்வது எப்படி?

செஸ்னா போன்ற சிறிய எஞ்சின் விமானங்களில் பழகியவர்கள் எஞ்சின் இல்லாத கிளைடரில் உட்கார்ந்ததும், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வருமுன் எச்சரிக்கும் ஹார்ன் எங்கே என்று கேட்பார்கள். செஸ்னாவின் இறக்கை முன்விளிம்பில் ஒரு சிறு துளை இருக்கும். ஸ்டால் நெருங்கும்போது அதன் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு ஹார்ன் ஊதும். வேறு சில விமானங்களில் ஒரு சின்னத் தகடு மேலே தள்ளப்பட்டு மின்சார ஹார்னை இயக்கும். பெரும்பாலான கிளைடர்களில் இரண்டுமே இல்லை. தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) சுற்றும்போது ஸ்டால் வேகத்துக்குக் கொஞ்சம் மேலேயேதான் பறந்துகொண்டிருப்போம். ஹார்ன் இருந்தால் மணிக்கணக்கில் கத்திக்கொண்டே இருக்கும், நாமும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

ஆகவே எச்சரிக்கையை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். கீழே உள்ளதைப் படித்துவிட்டுத் தனியாகப் போய்ச் செய்து பார்க்காதீர்கள். இரண்டு இருக்கை கிளைடர், பின்னால் ஸ்பின் (ஸ்டால் ஆன கிளைடர் சுழன்றபடி கீழே விழுவது) பயிற்சி தரத் தகுதியுள்ள பயிற்சியாளர், இருவருக்கும் பாராசூட்: இவை இருந்தால் மட்டும் செய்ய வேண்டியது இது.

படி 1: தரையிலேயே இதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்டால் என்பது வேகத்தால் வருவதல்ல. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம், அதாவது தாக்குகோணம், சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது மேற்பரப்பிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, தூக்குவிசை சரிகிறது. வேகமானி காட்டும் எண் இதற்கு ஓர் அடையாளம் மட்டுமே, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும் அடையாளம். நேராகப் பறக்கும்போது மணிக்கு 65 கி.மீ.யில் ஸ்டால் ஆகும் கிளைடர், 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 70-இல் ஆகும். 45 டிகிரியில் 77, 60 டிகிரியில் 92. விஞ்சில் (கிளைடரைக் கேபிளால் இழுத்து மேலேற்றும் தரை இயந்திரத்தில்) ஏறும்போது கேபிள் கீழ்நோக்கி இழுப்பதால் அங்கேயும் இந்த எண் கூடும்.

படி 2: இருக்கும் கருவிகளைப் பாருங்கள்

வேகமானியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது கனோபியின் (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியின்) நடுவில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல். ரைட் சகோதரர்கள் காலத்திலிருந்து வரும் கருவி, இன்றும் இதைவிட நல்லது வரவில்லை என்பது என் கருத்து. நூலின் வால் நேராக இருந்தால் காற்று நேராக வருகிறது. வால் இடப்பக்கம் போனால் வலது ரட்டர் (காலால் மிதித்து மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு), வலப்பக்கம் போனால் இடது ரட்டர். திருப்பத்தில் வால் உட்பக்கமாகப் போனால் ரட்டரை அதிகமாக மிதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்பின்னுக்கு வழி அதுதான்.

கனோபியின் பக்கவாட்டிலும் ஒரு நூல் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் சில விமானிகளிடம் உண்டு. அது தாக்குகோணத்தையே காட்டும். எடை கூடினாலும் சாய்வு கூடினாலும் அதன் அளவு மாறாது என்பதுதான் அழகு. உயரத்தில் மெதுவாக ஸ்டாலுக்குக் கொண்டுபோய், அப்போது நூல் நிற்கும் கோணத்தில் ஒரு நாடாத் துண்டு ஒட்ட வேண்டும். தரையிறங்கும் வேகத்தில் நூல் நிற்கும் இடத்தில் இன்னொன்று. பக்கவாட்டில் சறுக்கும்போது அளவு தப்பும் என்பதால் இருபுறமும் நூல் வேண்டும். ஒவ்வொரு கிளைடர் வகைக்கும் கோடு வேறு, கடன் வாங்கக் கூடாது.

படி 3: தொடங்கும் முன் சரிபார்ப்பு

பயிற்சி முடியும்போதும் கையில் போதுமான உயரம் மிச்சம் இருக்க வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா, தளர்வான பொருள் எதுவும் இல்லையா என்று பாருங்கள். ஊருக்கு மேலே, மற்ற கிளைடர்கள் சுற்றும் இடத்துக்கு மேலே வேண்டாம். இரு பக்கமும் திரும்பிக் கீழே யாரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்பின்னுக்கு முன்பும் இந்தக் கடைசி வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 4: மெதுவான, நேரான ஸ்டால்

ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே இழுங்கள். அவசரம் வேண்டாம், கவனிக்கத்தானே வந்திருக்கிறோம். மூக்கு வழக்கத்தைவிட உயரும். காற்றின் இரைச்சல் குறையும். ஏலரான் (சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கைத் தகடு) தொளதொளவென்று ஆகும். பிறகு உடம்பிலும் ஸ்டிக்கிலும் ஒரு நடுக்கம் வரும், கலைந்த காற்று வாலில் அடிப்பதால். வேகமாகக் கீழிறங்கத் தொடங்குவீர்கள். கடைசியில் ஸ்டிக் முழுக்கப் பின்னே இருந்தும் மூக்கு தானாகத் தாழும்.

எல்லாக் கிளைடரும் எல்லா அறிகுறியையும் தராது. சிலவற்றில் நடுக்கமே தெரியாது. திருப்பத்தில் மூக்கு உயராமலேயே ஸ்டால் வரும். மாறாத அறிகுறி ஒன்றுதான்: ஸ்டிக்கைப் பின்னே இழுக்கிறேன், மூக்கு மேலே வரவில்லை.

மீள்வது எளிது. ஸ்டிக்கை முன்னே விடுங்கள், வேகம் வரட்டும், அப்புறம் மெல்ல நிமிருங்கள். ஓர் இறக்கை தாழ்ந்தால் ஏலரானால் தூக்க வேண்டாம். அந்தப் பக்க ஏலரான் கீழே இறங்கி, ஏற்கெனவே ஸ்டால் ஆன இறக்கையின் கோணத்தை இன்னும் கூட்டிவிடும். முதலில் ஸ்டிக் முன்னே, இறக்கையைச் சமன் செய்வது பிறகு.

படி 5: ஸ்பின்னுக்குள் போவது

ஸ்டாலுக்குச் சற்று மேலான வேகத்தில் லேசான திருப்பம். ஸ்டிக்கைப் பின்னே இழுத்துக்கொண்டே திருப்பத்தின் பக்கம் ரட்டரை முழுக்க மிதிக்கச் சொல்வார் பயிற்சியாளர். உள் இறக்கை தாழும். தாழும் இறக்கையின் தாக்குகோணம் கூடுகிறது, அது ஆழமாக ஸ்டால் ஆகிறது, இழுவையும் கூடுகிறது. மேலெழும் இறக்கையில் இதற்கு நேரெதிர். அதனால் சுழற்சி தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். கண்ணாடி முழுக்கத் தரை சுழலும். முதல் தடவை வயிறு கலங்கத்தான் செய்யும்.

கிளைடர் வகை முக்கியம். 1979-இல் முதன்முதலாகப் பறந்த ஜெர்மனியின் ஏஎஸ்கே 21 இரண்டு பேருடன் லேசில் ஸ்பின் ஆகாது, அதற்கென்றே வாலில் பொருத்தும் எடைக்கட்டிகள் உண்டு. போலந்தின் புக்காச் சொன்னவுடன் சுழலும். எடைச் சமநிலையும் இதில் சேர்ந்தது. முன் இருக்கையில் எடை குறைந்தவர் இருந்தால் ஈர்ப்பு மையம் பின்னே போகும், கிளைடர் ஸ்பின்னுக்கு எளிதாக இடம் கொடுக்கும். பயிற்சியாளருடன் சாதுவாக இருந்த கிளைடர் தனியாகப் பறக்கும்போது வேறு குணம் காட்டலாம்.

படி 6: வெளியே வருவது

சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரட்டர் முழுக்க. ஏலரான் நடுவில். சுழற்சி நிற்கும்வரை ஸ்டிக்கைப் படிப்படியாக முன்னே கொண்டுபோங்கள். நின்ற உடனே ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, டைவிலிருந்து மென்மையாக நிமிருங்கள். இது பொதுவான முறை. உங்கள் கிளைடரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி.

ஒரு குழப்பம் வரும். சில கிளைடர்கள் ஸ்பின்னில் தொடங்கி ஸ்பைரல் டைவுக்கு (ஸ்டால் இல்லாமல், வேகம் கூடிக்கொண்டே சுற்றி இறங்குவதற்கு) மாறிவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வேகமானியைப் பாருங்கள். எண் குறைவாகவே நின்றால் ஸ்பின். எண் ஏறிக்கொண்டே போய், உடம்பு இருக்கையில் அழுந்தினால் ஸ்பைரல். அதற்கு முதலில் இறக்கையைச் சமன் செய்து, பிறகுதான் நிமிர வேண்டும். சாய்ந்தபடியே ஸ்டிக்கை இழுத்தால் திருப்பம் இறுகி, இறக்கைக்குத் தாங்க முடியாத சுமை ஏறும்.

படி 7: உண்மையான பாடம் இங்கேதான்

படி 6 நன்றாக வந்துவிட்டதா? சந்தோஷம். ஆனால் உயிரைக் காப்பது அது இல்லை. ஸ்பின்னில் ஒரு சுற்றுக்குச் சுமார் 60 முதல் 100 மீட்டர் போய்விடும், நிமிரும்போது இன்னும் கொஞ்சம். தரையிறங்கும் முன் கடைசித் திருப்பம் எடுப்பதோ 100 மீட்டரை ஒட்டி. அங்கே ஸ்பின் வந்தால் மீளும் முறை தெரிந்திருந்தும் உயரம் போதாது.

அங்கே அது எப்படி வருகிறது என்பதை ஒத்திகை பாருங்கள். உயரமானியில் 700 மீட்டரைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள், 800-இல் கடைசித் திருப்பம். தாழ்வாக இருக்கிறோம் என்ற பயத்தில் சாய்வைக் குறைக்கிறீர்கள், ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போகிறீர்கள், மூக்கைத் திருப்ப ரட்டரை மிதிக்கிறீர்கள், மூக்கு தாழ்வது பிடிக்காமல் ஸ்டிக்கை இழுக்கிறீர்கள். நூலின் வால் உட்பக்கம் படுத்துவிடும். அப்புறம் உள் இறக்கை விழும். மீண்டு வந்ததும் உயரமானியைப் பாருங்கள், பெரும்பாலும் 700-க்குக் கீழே நிற்கும்.

இதையே மறுபடி செய்யுங்கள், ஆனால் இந்த முறை நூல் நகரத் தொடங்கியதுமே நிறுத்துங்கள்: ரட்டரைத் தளர்த்தி, ஸ்டிக்கை முன்னே விட்டு, பிறகு சாய்வைச் சரியாக எடுங்கள். இதில் போகும் உயரம் மிகக் கொஞ்சம். விஞ்ச் கேபிள் அறுந்த பிறகும் இதே விதிதான். மூக்கைத் தாழ்த்தியதும் திரும்பிவிடாதீர்கள், தரையிறங்கும் வேகம் வேகமானியில் வரும்வரை நேராகவே போங்கள்.